நசுங்கிய நாலு எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 4

ஒரு இரும்பு ராடு காணாமல் போனதற்கெல்லாம் துப்பறிகிறவர்களைக் கூப்பிடுவார்களா என்று உங்களுக்குத் தோன்றலாம். ராஜாங்கத்துக்கும் தோன்றியது. கச்சிராயபாளையம் தாண்டியதிலிருந்து ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அதையே ஏழாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“போன மாசம் இன்னா கேஸு மேடம்? கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளையக் காணோம். அதுக்கு மின்னாடி? ஜவுளிக்கடைக்காரரு மருமவனக் காணோம். ஆளு காணாம போற லெவல்ல இருந்தோம். இப்ப இரும்பு காணாம போற லெவலுக்கு வந்துட்டோம். இதுக்குப் பழைய இரும்புக் கடைக்காரன் போதுமே!”

“அந்த ராடு கிடைக்கலைன்னா அறுபது வூடு தண்ணியில நிக்கும்ணே. மாப்பிள்ளை கிடைக்கலைன்னா ஒரு கல்யாணம்தான் நின்னுது” என்றாள் விஜயலட்சுமி.

“அதுவும் அந்தப் பொண்ணுக்கு நல்லதாப் போச்சு” என்று ராஜாங்கம் ஒப்புக்கொண்டார்.

விஜயலட்சுமிக்கு முப்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம், எரிந்துபோன கடைகள் தானாக எரிந்தனவா என்று பார்க்கிற வேலை. அதை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், தன் பெயரிலேயே துப்பறியும் நிலையம் வைத்துவிட்டாள். ராஜாங்கம் அவளுடைய உதவியாளர். ஐம்பத்தொரு வயது. தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர். வாய் மட்டும் இன்னும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே போகிறது.

அணைக்கரை தொடங்கும் இடத்தில் பாதையின் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஓரத்தில் இரண்டடி இடைவெளி. ஸ்கூட்டர் நுழைந்தது. ராஜாங்கம் இறங்கி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்தார்.

அணை என்றதும் பெரிய பெரிய மதகுகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஒரு மண் அணை. முப்பதடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி இறுக்கி, மேலே புல் வளர்த்திருக்கிறார்கள். ஆடு மேய்கிறது. கல்வராயன் மலையில் திடீரென்று அடிக்கிற மழை காட்டோடையில் உருண்டு வரும்போது, அதைப் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுவதுதான் இதன் ஒரே வேலை. மற்ற அணைகளுக்கு நிரம்பினால் பெருமை. இதற்குக் காலியாக இருந்தால்தான் பெருமை. இன்றைக்கோ முக்கால் அணை தண்ணீர் நின்றது.

ஷட்டர் ரூம் வாசலில், புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, இவர்களுக்குப் போன் போட்டு வரச் சொன்ன மலர்விழி காத்திருந்தாள். அவள்தான் இந்த அணையின் லஸ்கர். அதாவது ஷட்டரைத் திறந்து மூடுகிற ஆள். தொகுப்பூதிய வேலை. கீழே ஓடைக்குப்பத்தில் முதல் வரிசையில் முதல் வீடு அவளுடையது.

“ஆயுத பூஜைக்கு மொத நாளு ஷட்டர மூடினேங்க” என்று ஆரம்பித்தாள். “கீழ தரைப்பாலத்துல காங்கிரீட்டு போட்டாங்க. மூணு நாளைக்குத் தண்ணி வுடாதன்னு இன்ஜினியர் சாரு சொன்னாரு. பூஜையன்னிக்குக் காலையில ராடக் கழுவி, பொட்டு வெச்சி, மம்பட்டி கடப்பாறையோட சேத்து சாமி கும்புட்டுட்டு, ரூமப் பூட்டிக்கினு வூட்டுக்குப் போயிட்டேன். மறுநாளு வந்து பாத்தா மம்பட்டி இருக்குது, கடப்பாறை இருக்குது, ராடு மட்டும் இல்ல. இன்னிக்கு மூணாம் நாளு. நாளைக்கு மலையில பெரிய மழைன்னு டிவியில சொல்லிக்கினே இருக்கான்.”

“வேற ராடு?”

“வெளியூர்ல இருந்து வரணுமாம். நாளன்னிக்கு ஆவுமாம்.”

“ஒரு பைப் ரிஞ்சு போட்டுத் திருகினா?” என்றார் ராஜாங்கம்.

மலர்விழி தரையிலிருந்து எழும்பி நின்ற குழாயைக் காட்டினாள். திருக வேண்டிய முனை அதற்குள்ளே ஒரு முழ ஆழத்தில் இருந்தது. அதற்கென்று இசட் மாதிரி வளைத்துச் செய்த ராடு மட்டும்தான் போகும்.

விஜயலட்சுமி கதவைப் பார்த்தாள். “பூட்டை உடைச்சாங்களா?”

“இல்லீங்க. பூட்டின மேனிக்கே இருந்துச்சி.”

“சாவியை எங்க வெப்பீங்க?”

மலர்விழி கொஞ்சம் தயங்கிவிட்டு மேலே பார்த்தாள். “நெலைக்கு மேலதாங்க. ஆனா அது யாருக்கும் தெரியாது.”

ராஜாங்கம் கரைச் சரிவில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துக் கூவினார். “யம்மோவ்! இந்த ரூமு சாவி எங்கம்மா இருக்கும்?”

“நெலைக்கு மேல பாருங்க!” என்று பதில் வந்தது.

“சரி, சந்தேகப்பட வேண்டிய ஆளுங்க மொத்தம் நாலாயிரம்” என்றார் ராஜாங்கம். “மாவட்டம் முழுக்கச் சேக்கணுமா மேடம், இல்ல ஒன்றியத்தோட நிறுத்திக்கலாமா?”

அறைக்குள் சிமெண்டுத் தரையில் கொஞ்சம் பொரி சிதறிக் கிடந்தது. ராஜாங்கம் குனிந்து நாலைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, அது தடயம்.”

“நமுத்துப்போன தடயம் மேடம்.”

“மலர்விழி, பூஜைக்குப் பொரி வெச்சீங்களா?”

“இல்லீங்களே. நான் சுண்டல்தான் வெச்சேன்.”

ராஜாங்கம் மெல்லுவதை நிறுத்தினார். விஜயலட்சுமியின் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. மலர்விழி பூட்டிக்கொண்டு போன பிறகு இந்த அறையில் இன்னொரு பூஜை நடந்திருக்கிறது. திருட வந்தவன் பொரி வைத்துச் சாமி கும்பிட்டுவிட்டா திருடுவான்?

அதற்குள் கரை முனையில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் குழாயின் பூட்டைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி பூட்டிவிட்டு ஓட்டி வந்தான். உள்ளேயிருந்து உதவிப் பொறியாளர் இளஞ்செழியன் இறங்கினார். ஒல்லியான உடம்பு, கையில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா. நேராக மலர்விழியிடம் வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

“இன்னையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேண்டாம். அணையைச் சேர்ந்த எந்தப் பொருளையும் தொடக் கூடாது. மெமோவுல எல்லாம் எழுதியிருக்கு.”

மலர்விழி காகிதத்தை வாங்கிக்கொண்டாள். “நான் எடுக்கல சார். என் வூடே கீழதான் இருக்குது. தண்ணி வந்தா மொதல்ல என் புள்ளைங்கதான் சார் நனையும்.”

“கிழக்கால கரும்பு போட்டிருக்கிற அரங்கநாதனுக்கு மூணு மோட்டார் ஓடுது. அணையில தண்ணி நின்னா அவருக்குத்தான் கரும்பு விளையும். ராடு எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியாதா? சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஷட்டர் திறக்கலைன்னா ஊரைக் காலி பண்ணி ஸ்கூல்ல உட்கார வைக்கணும்.” பிறகு விஜயலட்சுமியைப் பார்த்தார். “நீங்க யாரு?”

“துப்பறியறவங்க.”

“ராடைக் கண்டுபிடிக்கவா? நல்லது. லீவு நாள்கூடப் பார்க்காம நான் உழைக்கிறேன், எனக்கு வாய்ச்ச ஆளுங்க இப்படி. இதோ இந்த சந்தோஷையே எடுத்துக்குங்க.” டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். “நேத்து கரியாலூர்ல வண்டி பஞ்சர். ஜாக்கி வண்டியிலேயே இருக்கு. எடுய்யான்னா எடுக்க மாட்டேங்கிறான். பஞ்சர்க்காரன் ஜாக்கி கொண்டுவரட்டும்னு ரெண்டு மணி நேரம் மலை மேல நிக்க வச்சுட்டான். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாம்?”

“வண்டி சுத்தமா இருக்கே சார்” என்றாள் விஜயலட்சுமி. ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சைக்கிளுக்குக்கூடச் சந்தனம் காயவில்லை. இந்த ஜீப்பில் ஒரு பொட்டு இல்லை, ஒரு பூ இல்லை.

“அரசாங்க வண்டிம்மா. பொட்டு வைக்கிறது, பூசணிக்காய் உடைக்கிறது, இதெல்லாம் என்கிட்ட நடக்காது. வண்டி டீசல்ல ஓடுது, குங்குமத்துல ஓடல.” அவர் ஏறிக்கொண்டார். ஜீப் ஓடைக்குப்பம் பக்கம் போய்விட்டது.

மலர்விழி மெமோவை நாலாக மடித்துக் காக்கிச் சட்டைப்பையில் வைத்தாள். அழவில்லை. ஆனால் சட்டைப் பொத்தானை மூன்று முறை போட்டுக் கழற்றினாள். விஜயலட்சுமிக்கு அந்தப் பொத்தானைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். கரைப் பாதை அங்கே கொஞ்சம் அகலமாக இருந்தது. போனவள் அப்படியே குந்திவிட்டாள்.

“அண்ணே, உங்க துண்டைக் குடுங்க.”

“இன்னா மேடம், மயக்கமா?”

தரையில் ஒரு எலுமிச்சம்பழம் தோலும் விதையுமாக நசுங்கி, காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, அதே நேரில், இன்னொன்று. பின்னால் இன்னும் இரண்டு. நாலு மூலையில் நாலு பழம்.

“வண்டி பூஜை!” என்றார் ராஜாங்கம். “நாலு டயருக்கும் ஒண்ணொண்ணு வெச்சி ஏத்திக்கினு போயிருக்கான்.”

“அதேதான். ரூமுக்குள்ள பொரி வெச்சவனும் இவன்தான். எந்த வண்டின்னு இந்தப் பழமே சொல்லும். ரெண்டு பழத்துக்கு நடுவுல எவ்வளவு இடமோ, அவ்வளவுதான் அந்த வண்டியோட அகலம்.”

ராஜாங்கம் துண்டை விரித்து அளந்து, பழம் முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். முன் பழத்துக்கும் பின் பழத்துக்கும் நடுவே செருப்புக் காலால் அடிமேல் அடி வைத்து நடந்தார். சரியாகப் பத்து செருப்பு.

“இருபத்திரண்டு வருசம் டிக்கெட்டு கிழிச்சேன். எலுமிச்சம்பழத்த வெச்சி வண்டி கண்டுபுடிக்கலாம்னு எந்தச் செக்கரும் சொல்லித் தரல” என்றார்.

*

அரங்கநாதனின் களம் அணைக்குக் கிழக்கே, கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. ஒரு டிராக்டர், ஒரு குட்டியானை வண்டி. இரண்டும் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றன. அரங்கநாதன் வெளியே வருவதற்குள் ராஜாங்கம் டிராக்டரின் அடியில் போய்விட்டார்.

“யாருய்யா அது, என் வண்டிக்குத் துண்டு போத்தறது?”

“மரியாதைதாங்க!” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

விஜயலட்சுமி வந்த விஷயத்தைச் சொன்னாள். அரங்கநாதன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ இரண்டு இளநீர் வெட்டச் சொன்னார்.

“நான் எடுத்தேன்னு அந்த இன்ஜினியரு சொல்றானா? இன்னாத்துக்கும்மா எடுக்கணும்? அது மண்ணு கரை. மிச்சத் தண்ணி வழியற கலிங்கு சின்னது. தண்ணி ஜாஸ்தியாகி மேல ஏறி வழிஞ்சா கரை கரைஞ்சிடும். கரைஞ்சா மொதல்ல போறது ஓடைக்குப்பம், ரெண்டாவது போறது எங்கரும்பு. தண்ணி நிக்கட்டும்னு டீக்கடையில சொன்னேன், வாஸ்தவம். சொல்றது வேற. ராடத் தூக்கிக்கினு வர்றதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா?”

ராஜாங்கம் எழுந்து வந்தார். “டிராக்டரு முடிச்சுக்கு வெளிய ஒரு சாணு போவுது மேடம். குட்டியானை ஏழரைச் செருப்புதான் வருது. ரெண்டும் நிரபராதி.”

“அணைக்கரை மேல எங்க வண்டி ஏறவே முடியாதேம்மா” என்றார் அரங்கநாதன், இளநீரை நீட்டியபடி. “போன வருசமே குறுக்கால குழாயப் போட்டுப் பூட்டிட்டான் அந்த மனுசன். கரை இறங்கிடுமாம். என் மாட்டு வண்டியக்கூட வுடல. ரெண்டு சக்கரம்தான் போவும்.”

விஜயலட்சுமி இளநீரை வாங்கிய கையோடு நின்றுவிட்டாள். பிறகு ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

“கிளம்புங்கண்ணே.”

“மேடம், நான் இன்னும் வழுக்கையே சாப்புடல.”

“நாலு சக்கர வண்டி கரை மேல ஏறியிருக்கு. பூட்டை உடைக்காம ஏறியிருக்கு. அந்தப் பூட்டுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?”

ராஜாங்கம் வழுக்கையை மறந்தார். “அந்த ஜீப்புலயா? அதுல ஒரு பொட்டுகூட இல்லியே மேடம்!”

“அதுதான் எனக்கும் புரியல” என்றாள் விஜயலட்சுமி. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. ஸ்கூட்டர் கரையை எட்டும்போதுதான் புரிந்தது. புரிந்ததும் தனியாகச் சிரித்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த ராஜாங்கம், “ரோட்டப் பாத்துச் சிரிங்க மேடம்” என்று கெஞ்சினார்.

*

மணி நாலு. மலைமேல் கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிமலைப் பக்கம் ஏற்கெனவே மழை பிடித்துவிட்டது என்று யாரோ போனில் சொன்னார்கள். ஜீப் ஷட்டர் ரூம் எதிரே நின்றது. இளஞ்செழியன் ஊரைக் காலி செய்வதற்காகக் கிராம நிர்வாக அலுவலரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மலர்விழி கொஞ்சம் தூரத்தில், எதையும் தொடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ராஜாங்கம் யாரையும் கேட்கவில்லை. ஜீப்பின் முன்னால் உட்கார்ந்து துண்டை விரித்தார். இந்த டயரிலிருந்து அந்த டயர் வரை முடிச்சு கச்சிதமாக நின்றது. பக்கவாட்டில் செருப்பை எண்ணினார்.

“பத்து!” என்று கூவினார். “ரைட்டு, போலாம்!”

“என்னய்யா பண்றீங்க என் வண்டியில?” இளஞ்செழியன் போனை அணைத்தார்.

“சார், ஆயுத பூஜையன்னைக்கு நீங்க இங்க வந்தீங்க இல்லையா?” என்றாள் விஜயலட்சுமி.

“வந்தேன். லீவு நாள்னு சொன்னேனே. கலிங்கு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துட்டு வந்தேன். முக்கால் மணி நேரம். ஏன்?”

“திரும்பி வந்து ஜீப்புல ஏறினதும், டயருக்கு அடியில சப்புன்னு ஒரு சத்தம் கேட்டுதா?”

இளஞ்செழியன் யோசித்தார். “ஏதோ கேட்டுது. தவளையா இருக்கும்னு நினைச்சேன்.”

“எலுமிச்சம்பழம் சார். நீங்க உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே உங்க வண்டிக்குப் பூஜை முடிஞ்சிருக்கு.”

“உளறாதீங்க! என் வண்டியில எங்கேயாவது ஒரு பொட்டு காட்டுங்க பார்ப்போம்!”

“நீங்க பார்க்கிற இடத்துல இருக்காது. அண்ணே, பானெட்டைத் திறங்க.”

“வேணாங்க...” என்றான் டிரைவர் சந்தோஷ். அதற்குள் ராஜாங்கம் தூக்கிவிட்டார்.

பேட்டரியில் மூன்று பொட்டு. ரேடியேட்டரில் சந்தனம். ஏர் ஃபில்டரைச் சுற்றி வாடிய சாமந்தி மாலை. நடுவே, கம்பியில் கட்டி வைத்த ஒரு சின்ன அம்மன் படம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மயிலிறகு.

“யப்பா!” என்றார் ராஜாங்கம். “உள்ளாற ஒரு கோயிலே ஓடுது. கும்பாபிசேகம் எப்பப்பா?”

சந்தோஷ் கை கூப்பிவிட்டான்.

“மன்னிச்சிடுங்க சார். பதினாலு வருசமா வண்டி ஓட்டறேன். ஒரு வருசம் பூஜைய வுட்டது இல்ல. இந்த வண்டியத்தான் தெனமும் மலையில ஏத்தறோம், கொண்டை ஊசி வளைவெல்லாம் திரும்பறோம். எனக்கு மனசு கேக்கல. நீங்க கலிங்குக்குப் போனீங்க இல்ல, அந்தக் கேப்புல போட்டுட்டேன். ஆனா ராடத் திருடல சார். என் புள்ள மேல சத்தியமாத் திருடல!”

“நீங்க திருடலைன்னு எனக்கும் தெரியும்” என்றாள் விஜயலட்சுமி. “ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. நேத்து கரியாலூர்ல ஏன் ஜாக்கியை எடுக்கல?”

சந்தோஷ் திகைத்தான். “அது எப்பிடிங்க எடுக்கறது? பூஜையில வெச்ச சாமானாச்சே. மறுபூஜை போடாம தொடக் கூடாதே. சாரு மூணு நாளா ஒரு நிமிசம் வுடல, மறுபூஜை போட நேரமே கெடைக்கல.”

இங்கே வாசகர்கள் ராஜாங்கத்தைப் பார்க்க வேண்டும். வாய் திறந்தது திறந்தபடி நின்றார். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் இருந்தவருக்குத் தெரியாத வழக்கமா இது? ஆயுத பூஜையில் வைத்த கருவி ஓய்வெடுக்கிறது. மறுபூஜை போட்டு எழுப்புகிற வரைக்கும் அதை ஒருத்தரும் தொட மாட்டார்கள்.

“அந்தச் சாமானை எல்லாம் எங்க வெச்சுக் கும்பிட்டீங்க?”

“தூறல் போட்டுதுங்க. அதனால ஷட்டர் ரூமத் தெறந்து... சாவி நெலைக்கு மேலதான இருக்கும்... உள்ளாற கோணி விரிச்சி ஜாக்கி, ஸ்பேனரு, வீல் ராடு எல்லாம் வெச்சேன். அங்கயே பொட்டு வெச்ச சாமான் வேற இருந்துச்சி. சரி, எல்லாம் ஒரே சாமிதானன்னு பக்கத்துலயே விரிச்சிட்டேன். சாரு குடை திரும்பி வர்றது தெரிஞ்சுது. வெளிய பழம் வெச்சாச்சி, உள்ளாற சூடம் எரியுது. அவசரத்துல அப்பிடியே கோணியச் சுருட்டி...”

அவன் நிறுத்தினான். கண்கள் ஜீப்பின் பின்பக்கம் போயின. எல்லாருடைய கண்களும் போயின.

“பக்கத்துல இருந்த ஷட்டர் ராடையும் வீல் ராடுன்னு நினைச்சு, சேர்த்துச் சுருட்டி, கட்டி, பின்னாடி போட்டீங்க” என்று விஜயலட்சுமி முடித்துவைத்தாள். “அந்த மூட்டையை இதுவரைக்கும் அவிழ்க்கல. மூணு நாளா இன்ஜினியர் சார் ராடு மேலயே உட்கார்ந்துகிட்டு ராடைத் தேடிட்டிருக்காரு.”

இளஞ்செழியன் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பின்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த கோணி மூட்டையின் கயிற்றில் கை வைத்தார்.

“சார்! சார்! தொடாதீங்க சார்!” சந்தோஷ் குறுக்கே பாய்ந்தான். “இவ்ளோ நாளு காப்பாத்திட்டேன். ஒரே நிமிசம். ஒரு சூடம் காட்டிட்டா ஆச்சு!”

“யோவ், மலையில மழை இறங்குதுய்யா!”

“அதனாலதான் சார் சொல்றேன்!”

இளஞ்செழியன் மலையைப் பார்த்தார், அணையைப் பார்த்தார், சந்தோஷைப் பார்த்தார். இந்த ஆள் விடமாட்டான் என்று தெரிந்துவிட்டது. “சீக்கிரம் போட்டுத் தொலைய்யா!” என்று கத்தினார்.

மலர்விழி ரூமைக் காட்ட, ராஜாங்கம் அங்கேயிருந்த சூடத்தைக் கொண்டுவந்தார். காற்று அடித்தது. ஒரு குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவது குச்சியின்போது கீழே கிடந்த குடையை எடுத்து விரித்து, சூடத்துக்கு அணைவாகப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? உதவிப் பொறியாளர் இளஞ்செழியனேதான். தூரத்திலிருந்து பார்த்த ஆடு மேய்க்கும் பெண் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கயிறு அவிழ்ந்தது. ஜாக்கி வந்தது. ஸ்பேனர் வந்தது. மூட்டையின் அடியில், சந்தனமும் குங்குமமும் அப்பியபடி, வளைந்த அந்த ராடு படுத்திருந்தது.

மலர்விழிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அது. விஜயலட்சுமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. அதை ராஜாங்கம் பார்க்காத மாதிரி இருந்தார். எப்போதாவது அவருக்கும் நல்ல குணம் வரும்.

இளஞ்செழியன் ராடைத் தூக்கிவந்து மலர்விழியிடம் நீட்டினார். “திருகும்மா, சீக்கிரம்!”

மலர்விழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையை நீட்டவில்லை.

“நான் எப்பிடிங்க சார் தொடறது? அணையைச் சேந்த எந்தப் பொருளையும் தொடக் கூடாதுன்னு மெமோவுல இருக்குதே.”

“அதை விடும்மா. நான்தான் சொல்றேனே.”

“வேலைக்கு வராதன்னு எழுத்துல குடுத்தீங்க. வான்னு வாயால சொல்றீங்க. நாளைக்கு எதனா ஒண்ணுன்னா நான் எந்தப் பேப்பரக் காட்டுவேன்?”

இளஞ்செழியன் முறைத்தார். பிறகு தானே ராடைக் குழாய்க்குள் விட்டு, முழு பலத்தோடு திருகினார். அசையவில்லை. இன்னும் திருகினார். நெற்றியில் நரம்பு புடைத்தது.

“சார்” என்றார் ராஜாங்கம் மெதுவாக. “அது மூடற பக்கம்.”

மலர்விழியால் அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கீழே அவள் வீட்டு ஓடு தெரிந்தது. வாசலில் அவளுடைய இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மேகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்து இன்ஜினியரை ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ராடைப் பிடித்தாள்.

“மொத்தம் அறுவது சுத்து சார். நான் திருகிக்கினே இருக்கேன், நீங்க எழுதிக்கினே இருங்க. நான் முடிக்கறதுக்குள்ள முடிச்சிடணும்.”

இளஞ்செழியன் ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். சந்தோஷ் காற்றுக்குக் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டான். ராஜாங்கம் சுற்றுகளை எண்ணினார், பஸ்ஸில் தலை எண்ணுகிற அதே குரலில். பதினெட்டில் ராடு இறுகியது. மலர்விழி அரைச் சுற்று பின்னால் விட்டு, மறுபடி முன்னால் தள்ளினாள். அது அவளுக்கு மட்டும் தெரிந்த பக்குவம். முப்பதில் கரைக்கு அடியில் ஒரு உறுமல் கேட்டது. நாற்பதில் மறுபக்கம் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. ஓடையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போனது. தரைப்பாலத்துப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள்.

“அறுவது! எல்லாரும் எறங்கலாம்!” என்றார் ராஜாங்கம்.

மலையிலிருந்து முதல் துளிகள் வந்து விழுந்தபோது அணையின் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. இரவெல்லாம் ஓடினால் போதும், காலையில் எவ்வளவு வந்தாலும் பிடிக்க இடம் இருக்கும். மலர்விழி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். மெதுவாக, விரல் வைத்து, இரண்டு முறை படித்தாள். மெமோ ரத்து. தவறு தன்னுடைய வாகனத்தில் நேர்ந்தது என்று இன்ஜினியரே தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் படிக்கும்போது அவள் நிமிர்ந்து நின்றாள்.

“எல்லாம் சரியா இருக்காம்மா?” என்று கேட்டார் அவர், குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தபடி.

“இருக்குதுங்க சார்” என்றாள் மலர்விழி. “இன்னிக்குத் தேதிதான் போடல.”

இளஞ்செழியன் மறுபடி பேனாவைத் திறந்தார்.